வேலியைச் சுத்தம் செய்கிறவர்கள்

தமிழில் எத்தனையோ நல்ல சொற்கள் பொருள் கெட்டுத் திரிகின்றன. ஆனால் 'சுத்தம்' என்ற சொல்லுக்குக் கொங்குச் சீமையில் நேர்ந்திருக்கும் கதி வேறெந்தச் சொல்லுக்கும் நேர்ந்ததில்லை. "காட்டு வேலியை எல்லாம் சுத்தம் பண்ணியாச்சு" என்று ஒருவர் பெருமையோடு சொன்னால், அவருடைய வேலி கத்தரிக்கப்பட்டு, இழுத்துக் கட்டப்பட்டு, நேர்த்தியாக நிற்கிறது என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது. வேலியே இல்லை என்று அர்த்தம்! காலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஜே.சி.பி. இயந்திரம் வந்தது. மாலைக்குள் கிளுவையும் சங்கஞ்செடியும் வேரும் மண்ணுமாகக் குவிந்து கிடந்தன. மறுநாள் தீ வைத்தார்கள். மூன்றாம் நாள் சிமெண்டுத் தூணும் முள்கம்பிச் சுருளும் வந்து இறங்கின. இதற்குப் பெயர்தான் சுத்தம்.

அந்த இயந்திரத்தை ஓட்டுகிற பையனோடு எனக்குச் சண்டை இல்லை. அவனுக்கு மணிக்கணக்கில் கூலி. பிடுங்கச் சொன்னால் பிடுங்குகிறான். அவனை அனுப்பச் சொல்லி ஊரிலுள்ள யாருக்கோ தொலைபேசியில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, நகரத்து வீட்டில் மறுபடி நாவலைக் கையில் எடுத்துக்கொண்டவர்களோடுதான் சண்டை. அப்பா விட்டுப் போன நாலு ஏக்கர் ஊரில் கிடக்கிறது, வருஷத்துக்கு ஒரு முறை கோயில் நோன்பிக்குப் போகும்போது காரில் இருந்தபடியே அதைப் பார்க்கிறோம், வேலி காடு மண்டிக் கிடக்கிறது, பார்க்கவே வெட்கமாயிருக்கிறது. இப்படி நினைக்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் கணிசமாக இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகையால் நேராகவே பேசிவிடுகிறேன்.

மற்றச் சீமைக்காரர்களுக்காக முதலில் ஒரு விளக்கம். கொங்கு நாட்டில் 'காடு' என்றால் வனமல்ல. மழையை நம்பிய மேட்டு நிலம். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம், கரூர் வட்டாரங்களில் அந்த மேட்டு நிலத்தில் ஒரு பகுதியை உழாமல் மேய்ச்சலுக்கென்றே விட்டு வைப்பார்கள். அதற்குக் கொறங்காடு என்று பெயர். கீழே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி: அவ்வளவுதான் அதன் சொத்து. காங்கேயம் காளை என்று ஊர் உலகமெல்லாம் பெருமை பேசுகிறோமே, அந்தக் காளை வளர்ந்தது இந்த வேலிக்குள்தான். ஒரு காட்டில் புல் தீர்ந்தால் அடுத்த காட்டுக்கு மாட்டை மாற்றிவிட்டு, மேய்ந்த காட்டைப் பூட்டி வைப்பார்கள். பூட்டு என்பது வேலி. காவலுக்கு ஆள் நிற்க வேண்டியதில்லை. வேலி இல்லாவிட்டால் புல் தளிர்க்க அவகாசம் கிடையாது. புல் இல்லாவிட்டால் மாடு இல்லை.

இரண்டு வேலிகளுக்கு நடுவே ஓடும் வண்டித் தடத்துக்கு இட்டேரி என்று பெயர். அந்தச் சொல் எவ்வளவு அழகாயிருக்கிறது! அதை ஒரு நாளும் ஆங்கிலப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுக்கப் போவதில்லை. இட்டேரியில் நடந்து பள்ளிக்கூடம் போன தலைமுறை கோவைப் பழத்தையும் சூரைப் பழத்தையும் காசில்லாமல் தின்றது. குன்றிமணியைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது. பிரண்டை, முடக்கத்தான், தூதுவளை, ஆடாதோடை என்று வீட்டுக் கிழவிகளுக்கு வேண்டிய வைத்தியசாலை முழுவதும் வேலியில்தான் இருந்தது. வேலிப்பருத்தி என்று ஒரு கொடிக்கு வேலியின் பெயரையே வைத்திருக்கிறோம். தஞ்சாவூர்ச் சீமையிலோ நிலத்தின் அளவுக்கே வேலி என்றுதான் பெயர். ஒரு வேலி என்றால் இருபது மா; ஆறரை ஏக்கருக்குச் சற்று அதிகம். நிலத்திலிருந்து வேலியைக் கழித்துக் கணக்குப் போட நம் முன்னோர்களுக்குத் தெரியவில்லை போலும்!

இவ்வளவு நல்ல வேலி ஏன் காடு மண்டிப் போயிற்று? இயற்கையாகப் போகவில்லை. அரிவாள் படாததால் போயிற்று.

கிளுவை ஒரு முள் மரம். அதை அதன் இஷ்டத்துக்கு விட்டால் மரமாகத்தான் ஆகும், வேலியாக ஆகாது. வெட்ட வெட்ட அடியிலிருந்து கிளைத்து நெருங்கும். வெட்டாமல் விட்ட ஐந்தாறு வருஷத்தில் தலை கனத்து மேலே போகும். மேலே விழுந்த நிழலில் அடிக்கிளைகள் காய்ந்து உதிரும். தூரத்திலிருந்து பார்த்தால் கரும்பச்சையாக, கோட்டைச் சுவர் மாதிரி தெரியும். கிட்டப் போய்க் குனிந்து பார்த்தால் முழங்கால் உயரத்துக்கு வெறும் தண்டுகள். நடுவே வெள்ளாடு தாராளமாக நுழைந்து வருகிற சந்து. சந்தை அடைக்க யாரோ ஒரு கத்தை காய்ந்த முள்ளைக் கொண்டுவந்து செருகுவார்கள். அது அடுத்த மழையில் மக்கிப் போகும். இதற்கிடையில் ஆடு தின்ற சீமைக்கருவேலங்காயின் விதை, புழுக்கையோடு வந்து வேலி அடியில் விழும். 1870களில் அந்நியச் சீமையிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மரத்துக்கு வேலியின் நிழலும் ஈரமும் தாய்வீடு. நாலு வருஷத்தில் அது கிளுவைக்கு மேலே தலை தூக்கிவிடும். அப்புறம் வேலி என்று நாம் சொல்லுவது பெரும்பாலும் சீமைக்கருவேலம்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் "வேலி பிடித்துவிட்டது, பிடுங்கு" என்கிறோம். நோயைக் காட்டி நோயாளியைக் கொல்லுகிற வைத்தியம் இது.

தாராபுரத்துப் பக்கம் நண்பர் ஒருவருக்கு நிலம் இருக்கிறது. நண்பருக்குச் சென்னையில் உத்தியோகம். நல்லவர், நிறையப் படித்தவர். அவர் வேலியைப் பிடுங்கிக் கம்பி போட்ட பிறகு என்னை அழைத்துப் போய்க் காட்டினார். அவர் தகப்பனார் காலத்தில் அந்தக் காட்டில் வேலி வெட்டிய பெரியவர் ஒருவர் வழியில் எதிர்ப்பட்டார். கம்பியை ஒரு முறை பார்த்தார்; நண்பரை ஒரு முறை பார்த்தார். "ஏனுங் தம்பி, முடி வெட்டச் சொன்னா தலையையே சீவிப்போட்டீங்களே!" என்றார். நண்பர் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை.

நண்பர் முட்டாள் அல்ல. அவர் பக்கத்து நியாயங்களை என்னிடம் வரிசையாகச் சொன்னார். வேலி நிலத்தைத் தின்கிறது என்பது முதலாவது. சரி, கணக்கே போட்டுவிடுவோம். நாலு ஏக்கர் சதுரமாக இருந்தால் அதன் சுற்றளவு ஏறக்குறைய 500 மீட்டர். வேலி இரண்டு மீட்டர் அகலம் பிடித்தால் 25 சென்ட் போகிறது. வெட்டாமல் விட்டு நாலு மீட்டராகப் பரந்தால் 50 சென்ட். வெட்டி ஒரு மீட்டருக்குள் அடக்கினால் பன்னிரண்டரை சென்ட். ஆக, மொத்தம் 400 சென்டில் வேலி தின்பது பன்னிரண்டரை. மீதியைத் தின்றது நம் சோம்பேறித்தனம். அந்தப் பன்னிரண்டரை சென்டிலும் என்ன பயிரிடப் போகிறார் நண்பர்? மற்ற நிலத்திலேயே ஒன்றும் பயிரிடவில்லை. மனை விற்கிற தரகர் வந்து அளக்கும்போது அளவு கூடவேண்டும் என்பதுதான் கவலை. அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பாம்பு என்றார். வேலியில் பாம்பு உண்டு. இல்லை என்று சொல்ல நான் தயாராயில்லை. கீரியும் உண்டு, செம்போத்தும் உண்டு. வேலி போனபின் இவை இரண்டும் போய்விட்டன. எலி போகவில்லை. எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு கம்பி வேலியைக் கடந்தும் வரும். முள்கம்பி ஆட்டைத் தடுக்கும், மாட்டைத் தடுக்கும். காற்றைத் தடுக்காது, புழுதியைத் தடுக்காது, பாம்பைத் தடுக்கவே தடுக்காது. அன்றியும், அது நட்ட நாளிலிருந்து துருப்பிடிக்கத் தொடங்குகிறது. கிளுவையோ நட்ட நாளிலிருந்து வளரத் தொடங்குகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து, "கம்பிதான் நிரந்தரம்" என்று தீர்ப்புச் சொல்லுகிறோமே, நிரந்தரம் என்ற சொல்லுக்கும் நாம் ஏதோ செய்துவிட்டோம் என்று தோன்றுகிறது.

நண்பர் சொன்னதில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் எளிதாகப் பதில் சொல்ல முடியாது. "வெட்ட ஆள் எங்கே?" என்றார்.

மெய்தான். அந்தக் காலத்தில் வேலி வெட்டியவர்கள் யார் என்பதை நாம் மறைக்கக் கூடாது. பண்ணையத்து ஆட்கள் வெட்டினார்கள். வருஷக் கூலியாகத் தானியம் வாங்கிக்கொண்டு, விடியற்காலையில் அரிவாளையும் கவைக்கோலையும் எடுத்துக்கொண்டு போய், கையெல்லாம் முள் கிழித்து, மாலையில் முள்வாங்கியை வைத்துக்கொண்டு திண்ணையோரம் உட்கார்ந்து பிடுங்கிக்கொண்டார்கள். நம் வேலிகளின் அழகில் அவர்களுடைய இரத்தமும் கொஞ்சம் கலந்திருக்கிறது. அவர்களுடைய மக்கள் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்குப் போனது நியாயம். அவர்கள் திரும்பி வந்து பழைய கூலிக்கு நம் வேலியை வெட்ட வேண்டும் என்று நான் எழுதினால் என் பேனாவை முறித்துப் போடுங்கள். நான் சொல்லுவது இதுதான்: இயந்திரத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று கேட்ட கூலியை முகம் சுளிக்காமல் கொடுக்கிறோம். கம்பிக்கும் தூணுக்கும் கடையில் சொன்ன விலையைக் கொடுக்கிறோம். அரிவாள் பிடிக்கத் தெரிந்த கைக்குக் கொடுக்கும்போது மட்டும் தகப்பனார் காலத்துக் கணக்கு ஞாபகம் வருகிறது. ஆள் இல்லை என்பதற்குப் பாதி அர்த்தம், கொடுக்க மனசு இல்லை என்பது.

இன்னொரு கூட்டத்தார் இருக்கிறார்கள். அவர்களைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் ஒருதலைப்பட்சமானவன் ஆவேன். இவர்கள் இயற்கை அபிமானிகள். வேலியைப் பற்றி உருக்கமாகப் பேசுவார்கள். "ஒரு கிளையையும் தொடாதீர்கள்; இயற்கையை அதன் போக்கில் விடுங்கள்" என்பார்கள். இயந்திரக்காரரிடமிருந்து வேலியைக் காப்பாற்றினாலும் இவர்களிடமிருந்து காப்பாற்றுவது கஷ்டம். வேலி காடல்ல, ஐயா! கை வைத்து நட்டு, கை வைத்து வெட்டி, கை வைத்துக் கட்டியது. அதன் போக்கு என்று ஒன்று கிடையாது. நாம் வெட்டிய போக்குத்தான் அதன் போக்கு. தொடாமல் விட்ட வேலி முன்னால் சொன்ன மாதிரி அடி செத்து, நடு விட்டு, கடைசியில் வெறும் சீமைக்கருவேலங்காடாகிறது. கௌதாரி ஒளிவதற்கு அடிவேலிதான் வேண்டும். உச்சியில் ஆடுகிற கிளை அதற்கு எதற்கு?

வேலி என்றால் எல்லாம் புண்ணியம் என்று சொல்லவும் நான் வரவில்லை. வட இந்தியாவில் கம்பெனி காலத்திலிருந்து உப்பு வரிக்காக ஒரு சுங்கக் கோடு இருந்தது. வரி கட்டாத உப்பு கடந்து போகாமலிருக்க அந்தக் கோட்டின் நெடுகிலும் வெள்ளைக்காரன் முள்வேலி போட்டான். முதலில் காய்ந்த முள். பிறகு நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு உயிர்வேலி. அதை உயிர்வேலியாக்குவதில் பெரும்பாடு பட்டவர் யார் தெரியுமா? பிற்பாடு 1885ல் காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாயிருந்த ஹியூம் துரைதான்! ஏழையின் உப்பை மறித்த அந்த வேலிக்குக் காவலாக ஆயிரக்கணக்கான சிப்பந்திகள் இருந்தார்கள். 1879ல் அந்தச் சுங்கக் கோட்டைக் கைவிட்டார்கள். வெட்டவும் கட்டவும் ஆள் இல்லாமல் போயிற்று. 1990களில் ராய் மாக்ஸம் என்ற ஆங்கிலேயர் அதைத் தேடிக்கொண்டு நம் நாட்டுக்கு வந்து ஊர் ஊராக அலைந்தார். கடைசியில் அவருக்குக் கிடைத்தது ஒரு சிறு மிச்சம்தான். 2001ல் அதைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். அநியாயத்துக்குப் போட்ட வேலி அழிந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அரசாங்கமே போட்ட வேலியும் அரிவாள் நின்ற பிறகு நிற்கவில்லை என்பதை இயற்கை அபிமானிகள் கவனிக்க வேண்டும்.

அதே ஆங்கிலேயர்களின் சொந்த ஊரில் நடந்ததையும் ஒரு வார்த்தை சொல்லலாம். இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு, பெரிய இயந்திரங்களுக்கு இடைஞ்சல் என்று சொல்லி இங்கிலாந்தில் வயல்வேலிகளை மைல் கணக்கில் பிடுங்கினார்கள். பிடுங்குவதற்கு அரசாங்கம் மானியமும் கொடுத்தது. பிறகு புத்தி வந்து, 1997ல் ஒரு விதி செய்தார்கள். கிராமப்புறத்து வேலியைப் பிடுங்க வேண்டுமானால் உள்ளூர் நிர்வாகத்துக்கு முன்கூட்டியே அறிவித்தாக வேண்டும். பழமையும் சிறப்பும் உள்ள வேலியானால் அவர்கள் தடுக்கலாம். வேலி நடவும் செப்பனிடவும் அரசாங்கமே பணம் கொடுக்கவும் தொடங்கிற்று. வழக்கமான முறையில் வெட்டிச் செப்பனிடுவதற்கு அந்த விதி குறுக்கே நிற்பதில்லை. வெட்டுவது வேறு, பிடுங்குவது வேறு என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைக்க வேண்டிய நிலைமை அவர்களுக்கு வந்தது. நமக்கு அந்தப் பேதத்தை ஒரு கிழவர் இட்டேரியில் நின்றுகொண்டு ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

சரி, மண்டிப்போன வேலியை என்ன செய்வது? வேலையில் ரகசியம் ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும். முதலில் சீமைக்கருவேலத்தை ஒழிக்க வேண்டும். தரைக்கு மேலே வெட்டிப் பிரயோசனம் இல்லை. ஒன்றுக்குப் பத்தாகக் கிளைக்கும். அடித்தூரைச் சுற்றித் தோண்டி, துளிர் விடுகிற வேர்முடிச்சோடு எடுக்க வேண்டும். பெரிய தூராயிருந்தால் இதற்கு மட்டும் இயந்திரத்தைக் கூப்பிடுங்கள். எனக்கு இயந்திரத்தின்மேல் துவேஷம் கிடையாது. அடுத்தபடி பட்டுப்போன கிளைகளை இழுத்துப் போட வேண்டும். இந்த முள்ளை எரிக்க வேண்டாம். ஒரு பக்கம் குவித்து வையுங்கள், தேவைப்படும்.

அப்புறம்தான் கிளுவைக்கு அரிவாள். கிளுவை கோடையில் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாய் நிற்கும். மழை பிடிப்பதற்குச் சற்று முன்னால், அந்த மொட்டை நிலையில், இடுப்பளவுக்கு இறக்கி வெட்டலாம். வெட்டிய அன்று பார்த்தால் வயிற்றைக் கலக்கும். வேலி இருந்த இடத்தில் கட்டைகள் வரிசையாய் நிற்கும். அக்கம்பக்கத்தார் வந்து துக்கம் விசாரிப்பார்கள். பயப்பட வேண்டாம். மழை விழுந்தால் கட்டை முழுவதும் துளிர் வெடிக்கும். வெட்டிய கொம்புகளில் மணிக்கட்டுப் பருமனுள்ளவற்றைப் பொறுக்கி எடுத்து, சந்து விட்ட இடங்களில் எல்லாம் போத்தாக நட வேண்டும். கிளுவைப் போத்து கள்ளமில்லாதது. குழி தோண்டி நட்டு மண்ணை மிதித்துவிட்டால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். குறுக்கே வரிச்சு வைத்து, பனை நாரோ கற்றாழை நாரோ கொண்டு போத்துகளை அதனோடு சேர்த்துக் கட்டிவிட்டால் மாடு உரசினாலும் சாயாது. குவித்து வைத்த காய்ந்த முள்ளை இந்தப் புதுப் போத்துகளுக்கு வெளிப்பக்கம் அணைத்துப் போட வேண்டும். போத்து வேர் பிடிக்கிற வரைக்கும் செத்த வேலி உயிர்வேலியைக் காக்கும்.

முக்கியமான விஷயம்: நாலு பக்கத்தையும் ஒரே வருஷத்தில் வெட்டாதீர்கள். மொத்தம் 500 மீட்டரானால் இந்த வருஷம் 125 மீட்டர் போதும். மற்ற மூன்று பக்கத்தில் கௌதாரியும் தவிட்டுக்குருவியும் குடியிருக்கட்டும். கூடு இருக்கிற கொம்பை விட்டு வெட்ட வேலி வெட்டுகிறவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இயந்திரத்துக்கு அது தெரியாது. நாலு வருஷத்தில் ஒரு சுற்று முடியும். ஐந்தாம் வருஷம் முதல் பக்கத்துக்கே திரும்ப வரலாம். ஓர் ஆளும் அவருக்கு உதவியாக இன்னோர் ஆளும் சில நாள் செய்கிற வேலை. அவர்களுக்கு முழுக் கூலியும் கொடுத்து, நல்ல கையுறையும் வாங்கிக் கொடுங்கள். ஊரில் வேலி வெட்டத் தெரிந்த பெரியவர் ஒருவராவது இன்னும் இருப்பார். அவரை வெட்டச் சொல்ல வேண்டாம். கயிற்றுக் கட்டிலைக் கொண்டுபோய் நிழலில் போட்டு உட்காரவைத்து, இளைஞன் ஒருவனுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். அவருக்கும் கூலி கொடுங்கள். இதைச் செய்ய இன்னும் எத்தனை வருஷம் நமக்கு அவகாசம் இருக்கிறது என்று அவருடைய வயதைக் கேட்டால் தெரிந்துவிடும்.

இட்டேரியைப் பற்றியும் பஞ்சாயத்தாரிடம் பேச வேண்டியிருக்கிறது. இரண்டு பக்கத்து வேலியும் பரந்து வந்து தடத்தை அடைத்துவிட்டது, ஆம்புலன்ஸ் வண்டி உள்ளே வரமுடியவில்லை என்கிறார்கள். நியாயமான புகார். பிரசவ வலியெடுத்த பெண்ணை இட்டேரி அழகுக்காகக் கட்டிலில் தூக்கிப் போகச் சொல்ல முடியாது. ஆனால் தடத்தை அடைத்தது வேலியின் பக்கக் கிளைகள். வேலியின் தூர் பழைய இடத்தில்தான் நிற்கிறது. பக்கத்துக்கு ஒரு மீட்டர் உள்ளே வெட்டினால் வண்டி போகும். தார் போட வேண்டுமானால் தாரும் போடட்டும். இரண்டு பக்கமும் வேரோடு பிடுங்கினால்தான் சாலை வரும் என்று எந்தப் பொறியியல் புத்தகத்திலும் எழுதியிருப்பதாக நான் நினைக்கவில்லை. பிடுங்குவதற்கு ஒரே பட்டியலில் பணம் கிடைக்கிறது. வருஷா வருஷம் வெட்டுவதற்குத் தலைப்பு இல்லை. அந்தத் தலைப்பை உண்டாக்கச் சொல்லிக் கிராம சபையில் எழுந்து கேட்க வேண்டியவர்கள் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள். அவர்களோ நகரத்தில் இருக்கிறார்கள். கிராம சபை சுதந்திர தினத்தன்றும் காந்தி ஜயந்தியன்றும் கூடுகிறது. இரண்டும் விடுமுறை நாள். பஸ் உண்டு.